'முடிச்சிருக்கேன்' தெரிஞ்சா 'ஹேவ்' தெரியும் பாஸ்!

போன வாரம் 'எ', 'ஆன்', 'த' மூணு பேரையும் ஒரு வழி பண்ணி அனுப்பினோம். இந்த வாரம் கொஞ்சம் பெரிய ஆள். பெயர் பெர்ஃபெக்ட் டென்ஸ். 'ஐயோ, கிராமரா!' என்று பக்கத்தைத் திருப்பிடாதீங்க. ஒரு டீ குடிக்கிற நேரம் கொடுங்க, போதும்.

ஸ்கூல்ல இதை நமக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தாங்க? போர்டுல கட்டம் போட்டு, பன்னிரண்டு டென்ஸையும் அதுக்குள்ளே அடைச்சு, 'ஹேவ் அல்லது ஹேஸ், பிளஸ் வி-3' என்று ஒரு ஃபார்முலா. 'நோட்ல எழுதிக்கோங்க.' எழுதிக்கிட்டோம். பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்பி மார்க்கும் வாங்கிட்டோம். ஆனா, எப்போ 'ஐ ஃபினிஷ்ட்', எப்போ 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட்' என்று கேட்டுப் பாருங்க, மொத்த க்ளாஸும் கப்சிப்! ஃபார்முலா மனப்பாடம். எந்தக் கணக்குக்கு எந்த ஃபார்முலா என்பதுதான் தெரியாது. இன்ஜினீயரிங் பசங்களுக்கு இந்த வலியை விளக்கவே வேண்டாம்.

நான் சொல்ல வர்றது இதுதான். இந்த டென்ஸ் நமக்குப் புதுசே இல்லை. காலையில் பல் தேய்க்கிறதிலிருந்து ராத்திரி லைட்டை அணைக்கிற வரைக்கும் தமிழ்ல இதைத்தான் பேசிக்கிட்டு இருக்கோம்.

சந்தேகமா? ஹாஸ்டல் மெஸ் வாசல்ல அஞ்சு நிமிஷம் நில்லுங்க. 'சாப்ட்டாச்சா?', 'ரெக்கார்ட் முடிச்சிருக்கியா?', 'சார் வந்துட்டாரா?', 'எக்ஸாம் ஃபீஸ் கட்டியாச்சா?' அத்தனையும் பெர்ஃபெக்ட்தான். 'திங்கட்கிழமை ஃபீஸ் கட்டினேன்' என்று சொன்னா, நீங்க திங்கட்கிழமையைப் பத்திப் பேசுறீங்க. 'ஃபீஸ் கட்டியிருக்கேன்' என்று சொன்னா, இன்னிக்கு நிலைமையைப் பத்திப் பேசுறீங்க. பணம் போயாச்சு, என் ஹால் டிக்கெட்டை எடுங்க என்று அர்த்தம். காரியம் நடந்து முடிஞ்சது என்னிக்கோ. அதோட பலன் இப்போ உங்க கையில இருக்கு. 'ஐ பெய்ட் த ஃபீஸ் ஆன் மண்டே' முதல் ரகம். 'ஐ ஹேவ் பெய்ட் த ஃபீஸ்' ரெண்டாவது ரகம். 'கட்டியாச்சு' இருக்கே, அது இன்னும் ஜோர். யார் கட்டினாங்கன்னே சொல்லாம, வேலை முடிஞ்சதை மட்டும் சொல்லுது. இங்கிலீஷ்ல 'த ஃபீஸ் ஹேஸ் பீன் பெய்ட்'. பாஸிவ் வாய்ஸ்னு பயமுறுத்தினாங்களே, அதுதான் இது. பயப்பட என்ன இருக்கு?

இப்போ 'எழுதியிருக்கேன்' என்பதைப் பிரிச்சுப் பாருங்க. எழுதி, இருக்கேன். முதல்ல இருக்கிறது தமிழ் ஐயா சொல்லிக்கொடுத்த வினையெச்சம். ரெண்டாவது, துணைக்கு வந்த வினை. 'ஹேவ் ரிட்டன்'லயும் அதே ஃபிட்டிங்தான். ஒரு மெயின் வெர்ப், ஒரு துணை வெர்ப். அவங்க துணையை முன்னாடி மாட்டுறாங்க, நாம பின்னாடி மாட்டுறோம்.

'அதெப்படி, ஹேவ்னா வெச்சிருக்கேன்னுதானே அர்த்தம்?' என்று ஒரு குரல் கேட்குது. நல்ல கேள்வி! 'ஐ ஹேவ் எ பென்' என்பதைத் தமிழ்ல சொல்லுங்க. 'என்கிட்ட பேனா இருக்கு.' ஒரு பொருள் நமக்குச் சொந்தம்னு சொல்ல அவங்களுக்கு ஹேவ், நமக்கு இரு. அதே ரெண்டு வார்த்தையைத்தான் ரெண்டு பேரும் இந்த டென்ஸுக்கும் கூட்டிக்கிட்டு வந்திருக்கோம். 'என்கிட்ட எழுதி முடிச்ச கடிதம் இருக்கு' என்கிற மாதிரியான ஒரு வாக்கியம் பழைய இங்கிலீஷ்ல இருந்தது. அது மெல்ல மெல்ல உருமாறித்தான் இன்னிக்கு 'ஐ ஹேவ் ரிட்டன் த லெட்டர்' ஆகியிருக்கு. ஆக, கையில இருக்கிற பேனாவுக்கும் எழுதி முடிச்ச கடிதத்துக்கும் ஒரே ஹேவ்தான். இதை ஸ்கூல்லயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

இனி எல்லாம் ஈஸி. துணைவினையை மட்டும் காலத்துக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. எழுதியிருக்கேன் என்றால் 'ஹேவ் ரிட்டன்'. எழுதியிருந்தேன் என்றால் 'ஹேட் ரிட்டன்'. திங்கட்கிழமைக்குள்ள எழுதியிருப்பேன் என்றால் 'வில் ஹேவ் ரிட்டன்'. இருக்கேன், இருந்தேன், இருப்பேன். பெர்ஃபெக்ட் குடும்பத்தில் முக்கியமான மூணு பேர் இவங்கதான். நாலாவதா 'ஹேவ் பீன் ரைட்டிங்' என்று 'எழுதிக்கிட்டே இருக்கேன்' டைப் ஆசாமி ஒருத்தர் இருக்கார். அவர் கொஞ்சம் கழிச்சு வருவார்.

படம் போட்டால்தான் மண்டையில ஏறும் என்கிற நம்ம ஜாதிக்காகவே ஒருத்தர் யோசிச்சிருக்கார். ஹான்ஸ் ரைஷன்பாக். ஐன்ஸ்டைனோட சார்பியல் பத்தியெல்லாம் எழுதின ஜெர்மானியத் தத்துவ அறிஞர். 1947-ல் வந்த 'எலிமென்ட்ஸ் ஆஃப் சிம்பாலிக் லாஜிக்' என்ற புத்தகத்தில், ஒரு டென்ஸைப் புரிஞ்சுக்க ஒரு கோட்டில் மூணு புள்ளி வெச்சால் போதும்னு காட்டினார். ஒண்ணு, நீங்க பேசுற நேரம். ரெண்டு, விஷயம் நடந்த நேரம். மூணு, நீங்க எங்கே நின்னுக்கிட்டு அந்த விஷயத்தைப் பார்க்கிறீங்க என்கிற நேரம். இந்த மூணாவது புள்ளியில்தான் சூட்சுமமே இருக்கு. 'ஐ பெய்ட்' என்றால், நீங்க மனசால அந்தத் திங்கட்கிழமைக்கே போய் நின்னு பார்க்கிறீங்க. 'ஐ ஹேவ் பெய்ட்' என்றால், இன்னிக்கு இங்கேயே நின்னுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறீங்க. 'ஐ ஹேட் பெய்ட்' என்றால், கடந்த காலத்தில் ஓர் இடத்துல போய் நின்னு, அதுக்கும் பின்னாடி திரும்பிப் பார்க்கிறீங்க. 'ஐ வில் ஹேவ் பெய்ட்' என்றால், முன்னாடி ஓடிப்போய் நின்னு திரும்பிப் பார்க்கிறீங்க. எல்லா பெர்ஃபெக்ட்டும் திரும்பிப் பார்க்கிறதுதான். எங்கே நின்னு திரும்புறோம் என்பதுதான் வித்தியாசம்.

நம்ம ஊர் செஸ்ஸை வெச்சு ட்ரை பண்ணுவோம். விஸ்வநாதன் ஆனந்த் 2000, 2007, 2008, 2010, 2012 என்று அஞ்சு முறை உலக சாம்பியன். இன்னிக்கு நின்னு எண்ணிச் சொன்னா, 'ஆனந்த் ஹேஸ் வன் த டைட்டில் ஃபைவ் டைம்ஸ்.' வருஷத்தைச் சொல்லிட்டா ஹேஸ் அவுட்: 'ஆனந்த் வன் இட் இன் 2000.' குகேஷ் பிறந்தது 2006-ல். அந்த வருஷத்துல போய் நின்னு திரும்பிப் பாருங்க: 'வென் குகேஷ் வாஸ் பார்ன், ஆனந்த் ஹேட் ஆல்ரெடி வன் இட் ஒன்ஸ்.' அந்தக் குழந்தை 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல டிங் லிரெனை ஜெயிச்சு, 18 வயசுல பட்டம் வாங்கிச்சு என்பது தனிக் கதை!

சரி, தமிழும் இங்கிலீஷும் இவ்வளவு ஒட்டுன்னா நாம ஏன் தடுமாறுறோம்? கொஞ்ச தூரம் ஒண்ணாப் போற ரெண்டு ரோடும் சில இடத்துல பிரியுது. அந்த இடத்துல போர்டு வைக்க ஆள் இல்லை.

என் பக்கத்து ரூம் நண்பன் கதையைக் கேளுங்க. கிராமத்து அரசுப் பள்ளி, பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். மண்ணில் ஈரம் குறைஞ்சா மோட்டாரைத் தானா ஆன் பண்ற சென்சார் ப்ராஜெக்ட் பண்ணினான். சும்மா காட்டுறதுக்கு இல்லை, அவங்க அப்பாவோட தோட்டத்துலயே ஓட விட்டுப் பார்த்த ப்ராஜெக்ட். கேம்பஸ் இன்டர்வியூல கேட்டாங்க: 'ஹௌ லாங் ஹேவ் யூ பீன் வொர்க்கிங் ஆன் திஸ்?' நம்மாளு, 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் சிக்ஸ் மன்த்ஸ் சார்.' அடுத்த கேள்வி: 'ஹேவ் யூ டெஸ்டட் இட்?' 'யெஸ் சார், ஐ ஹேட் டெஸ்டட் இட்.' கேட்டவர் நிமிர்ந்து பார்த்து, 'ஹேட்? ஸோ, வாட் ஹேப்பண்ட் ஆஃப்டர் தட்?' என்றார். அவர் கிண்டல் பண்ணலை. 'ஹேட்' என்று சொன்னால் அடுத்து ஏதோ நடந்திருக்கணும். சென்சார் புட்டுக்கிச்சா, ப்ராஜெக்ட்டை விட்டுட்டாங்களா என்று நிஜமாகவே கேட்டார். இவன், எதைத் தப்பாச் சொன்னோம்னு தெரியாமல் வேர்த்துப்போய் உட்கார்ந்துட்டான். நல்லா ஓடிக்கிட்டிருந்த மோட்டார் ஒரே ஒரு 'ஹேட்'டால் நின்னுபோச்சு!

வேலை கிடைக்காததுக்கு இந்த ஒரு வார்த்தைதான் காரணமான்னு யாருக்குத் தெரியும்? ஆனா, அதுக்கப்புறம் கம்யூனிகேஷன் லேப்ல அவன் வாயைத் திறக்கவே இல்லை. 'இங்கிலீஷ் நமக்கு வராதுடா' என்று முடிவு கட்டிட்டான். எனக்கு அதுதான் பொறுக்கலை. அவன் பேசின தமிழ்ல ஒரு குறையும் இல்லை. 'ஆறு மாசமாப் பண்ணிக்கிட்டு இருக்கேன், டெஸ்ட் பண்ணியிருந்தேன்.' எவ்வளவு அழகான தமிழ்! அதை அப்படியே தூக்கி இங்கிலீஷ்ல வெச்சான். ரோடு பிரியற இடம் அவனுக்குத் தெரியலை, அவ்வளவுதான்.

முதல் பிரிவு இந்த 'ஆறு மாசமா'தான். முன்னாடி ஆரம்பிச்சு இன்னும் நடக்கிற விஷயத்துக்குத் தமிழ்ல நிகழ்காலமே போதும். 'மூணு வருஷமா சென்னையில இருக்கேன்.' இங்கிலீஷ் விடாது. ஆரம்பிச்ச இடத்தைத் திரும்பிப் பார்த்தே ஆகணும் என்று அடம்பிடிக்கும். 'ஐ ஹேவ் பீன் இன் சென்னை ஃபார் த்ரீ இயர்ஸ்.' நம்ம ஊர் ஆளுங்கதான் இப்படின்னு நினைக்காதீங்க, ஜெர்மன் மொழியிலும் இந்த இடத்துல நிகழ்காலம்தான். செயல் தொடர்ந்து நடந்தா, அப்போ சொன்னேனே, அந்த நாலாவது ஆசாமியைக் கூப்பிடுங்க: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஆன் இட் ஃபார் சிக்ஸ் மன்த்ஸ்.' சின்ஸா, ஃபாரா என்ற குழப்பத்துக்குத் தமிழே மருந்து. நீங்க தமிழ்ல 'மாசமா, வருஷமா, மணி நேரமா' என்று 'மா' போட்டா, அது ஃபார். 'திங்கட்கிழமையிலிருந்து, காலேஜ் சேர்ந்ததிலிருந்து' என்று 'இருந்து' வந்தா, அது சின்ஸ். 'சின்ஸ் சிக்ஸ் மன்த்ஸ்' இனிமே வாயில வராது பாருங்க.

ரெண்டாவது, அந்த 'ஹேட்'. 'நேத்து லைப்ரரிக்குப் போயிருந்தேன்' என்று சர்வ சாதாரணமாச் சொல்றோம். போயிட்டு வந்துட்டேன் என்பதைச் சொல்ற நம்ம ஸ்டைல் அது. இங்கிலீஷ்ல 'ஐ ஹேட் கான் டு த லைப்ரரி யெஸ்டர்டே' என்று சொல்லி நிறுத்தினா, கேட்கிறவர் மீதிக் கதைக்காகக் காத்திருப்பார். 'ஹேட்' தனியா வராது, துணைக்கு இன்னொரு பழைய சம்பவம் வேணும். 'பஸ் ஸ்டாப்புக்குப் போறதுக்குள்ள பஸ் போயிருந்தது' என்றால் கரெக்ட்: 'வென் ஐ ரீச்ட் த ஸ்டாப், த பஸ் ஹேட் லெஃப்ட்.' வேற சம்பவம் இல்லையா? சும்மா 'ஐ வென்ட் டு த லைப்ரரி யெஸ்டர்டே'ன்னு சொல்லிட்டுப் போங்க. 'ஹேட்' போட்டா கெத்தா, மரியாதையா இருக்கும்னு ஒரு நம்பிக்கை நம்ம காலேஜ்கள்ல உலாவுது. ஆபீஸுக்கு எழுதுற லெட்டர்ல பாருங்க, 'ஐ ஹேட் சப்மிட்டட், ஐ ஹேட் இன்ஃபார்ம்ட்' என்று ஒரே ஹேட் மழை!

மூணாவதா, நேரம். தமிழ்ல 'நேத்தே கொடுத்திருக்கேன் சார்' என்று தாராளமாச் சொல்லலாம். 'ஐ ஹேவ் கிவன் இட் யெஸ்டர்டே' செல்லாது. நேத்துன்னு சொன்ன உடனே நீங்க நேத்தைக்குப் போய் நின்னுட்டீங்க; அப்புறம் இன்னிக்கு நின்னு எப்படித் திரும்பிப் பார்ப்பீங்க? 'டுடே', 'திஸ் வீக்' வரலாம், ஏன்னா அந்த நேரம் இன்னும் முடியலை. ஆள் காலமாகிட்டாலும் இதே கதைதான். 'காந்தி ஹேஸ் விசிட்டட் மதுரை' என்றால், அவர் இன்னும் இருக்கார், இன்னொரு முறை வருவார் என்கிற மாதிரி தொனிக்கும். 'காந்தி விசிட்டட் மதுரை இன் 1921' என்பதுதான் சரி.

இதுல ஒரு குட்டி சமாச்சாரம். காலையில தரை நனைஞ்சிருக்கிறதைப் பார்த்து 'ராத்திரி மழை பெஞ்சிருக்கு' என்கிறோமே, அது பார்த்த சாட்சி இல்லை, யூகம். இந்த 'இருக்கு'வுக்கு வெறும் ஹேஸ் சரிவராது. 'இட் மஸ்ட் ஹேவ் ரெய்ண்ட் லாஸ்ட் நைட்.' 'மஸ்ட் ஹேவ்' கூட 'லாஸ்ட் நைட்' வரலாம், சண்டை இல்லை.

கடைசிப் பிரிவுல காமெடி உண்டு. 'நான் ஊட்டி போயிருக்கேன்' என்று உங்க எதிர்ல நின்னுக்கிட்டே ஒருத்தர் சொல்லலாம். 'ஐ ஹேவ் கான் டு ஊட்டி' என்று எதிர்ல நின்னுக்கிட்டுச் சொன்னா, பேசுறது ஆளா ஆவியா என்று சந்தேகம் வரும்! 'கான்' என்றால் போன ஆள் இன்னும் திரும்பலை. போயிட்டு வந்த அனுபவத்துக்கு 'பீன்': 'ஐ ஹேவ் பீன் டு ஊட்டி ட்வைஸ்.' தமிழ்ல ரெண்டுக்குமே போயிருக்கான்தான். நாம இடத்தை வெச்சுப் புரிஞ்சுக்குவோம்.

வி-3 பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்லை. 'ஹேவ் வென்ட்', 'ஹேஸ் கேம்', 'ஹேவ் ஸா' மூணையும் வாயிலிருந்து துரத்திட்டாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு. கான், கம், ஸீன். 'ஐ ஹேவ் ஹேட் லன்ச்' என்று ரெண்டு ஹேவ் சேர்ந்து வந்தால் பிரிண்டிங் மிஸ்டேக் இல்லை. முதல் ஹேவ் துணை, ரெண்டாவது சாப்பாடு!

'படத்துல வெள்ளைக்காரங்க பேசுறப்போ ஹேவ் காதுல விழவே மாட்டேங்குதே?' விழாதுதான். 'ஐவ் டன் இட்' என்று 'வ்'-ஐ முழுங்கிடுவாங்க. 'ஷீஸ் கான்'ல இருக்கிற 'ஸ்', 'இஸ்'ஸும் ஆகலாம், 'ஹேஸ்'ஸும் ஆகலாம். பின்னாடி வர்ற வார்த்தையை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். இன்னொண்ணு, அமெரிக்கப் படத்துல 'டிட் யூ ஈட் யெட்?' என்று கேட்டா சப்டைட்டில் தப்புன்னு சண்டைக்குப் போகாதீங்க. அவங்க பேச்சுல அது ஓகே. பிரிட்டிஷ் பாணியில 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' நமக்கு இன்டர்வியூவுக்கும் பரீட்சைக்கும் பிரிட்டிஷ் பாணி பழகிக்கிறது சேஃப் என்பது என் அபிப்பிராயம்.

ஹோம்வொர்க் உண்டு! ரூம்மேட் இன்னிக்கு ராத்திரி பேசுறதுல 'இருக்கேன், இருந்தேன், ஆச்சு, ட்டேன்' வர்ற அஞ்சு வாக்கியத்தை நோட்ல குறிச்சு வெச்சு, இங்கிலீஷ்ல மாத்திப் பாருங்க. அப்புறம், மேலே 'எழுதியிருப்பேன்' என்பதை 'வில் ஹேவ்'னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டேனே, கவனிச்சீங்களா? 'நேரம் இருந்திருந்தா எழுதியிருப்பேன்' என்று இன்னொரு 'எழுதியிருப்பேன்' இருக்கு. அரியர் வெச்ச ஒவ்வொருத்தரும் சொல்ற டயலாக்! அது 'வுட் ஹேவ்'. அடுத்த வாரம் அவரைக் கவனிப்போம். பை!